மூன்றாவது கீல்

மே 12, 2025, திங்கள்

கதவு ஒன்றுக்கு 3 பித்தளைக் கீல், கீலுக்கு 6 திருகாணி. இரண்டு கதவுக்கும் சேர்த்து 36. இன்று கழன்றவை 9.

கதவுகளைக் கழற்றினால் அம்மாவின் தேக்கு அலமாரியின் பருமன் இரண்டு அங்குலம் குறைகிறது. அதை லாரியில் ஏற்ற வெளியே கொண்டுபோக, படிக்கட்டின் திருப்பத்துக்கு அந்த இரண்டு அங்குலம்தான் வேண்டும். மூன்று முறை அளந்துவிட்டேன்.

மே 13, செவ்வாய்

அம்மா நேற்று இரவும் தூங்கவில்லையாம். அக்கா குரலே சரியில்லை.

மே 14, புதன்

தவறு செய்துவிட்டேன். இடது கதவின் மூன்றாவது கீலில், இடையில் யாரோ பழுது பார்த்தபோது நான்கு கூட்டல்குறித் திருகாணிகளைப் போட்டிருக்கிறார்கள். மற்றவை எல்லாம் பழைய ஒற்றை வெட்டுத் திருகாணிகள். அவசரத்தில், கையில் கிடைத்த சிறிய முனையை பேட்டரி டிரில்லில் மாட்டி அழுத்தினேன். நான்கின் தலையும் மழுங்கிவிட்டது. குழி வட்டமாகி, திருப்புளி சும்மா சுழல்கிறது.

இந்த வகைக்கு ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். கார்த் தொழிற்சாலைகளுக்கு அது வரப்பிரசாதம். முனை தானாகவே நடுவில் போய் உட்காரும். ஆனால் குழியின் பக்கங்கள் சரிவாக இருப்பதால், திருகும் விசை கூடக்கூட முனை வெளியே ஏறி வரும். எதிர்விசையாக நாம் முன்னோக்கி அழுத்தியே ஆகவேண்டும். அரை நொடி கை தளர்ந்தாலும் குழியின் விளிம்பு போய்விடும். எனக்கு நான்கு முறை போயிற்று.

நழுவிய முனை தேக்கில் ஒரு கோடு இழுத்திருக்கிறது. கட்டைவிரல் நீளம்.

மே 16, வெள்ளி

ரப்பர் பேண்டை இடையில் வைத்துத் திருகிப் பார்த்தேன். கிழிந்ததுதான் மிச்சம். லேசாகத் தேய்ந்த தலைக்கு அது உதவும், இங்கே பிடிக்க ஒன்றுமே இல்லை.

மோட்டார் உதிரிபாகக் கடையில் வால்வு தேய்க்கும் பேஸ்ட் வாங்கி வந்தேன். எஞ்சின் வால்வை அதன் இருக்கையில் வைத்துத் தேய்ப்பதற்கான, மணல்போல் நறநறக்கும் பசை. குழிக்குள் ஒரு பொட்டு வைத்தேன். இந்த முறை சரியான அளவு முனை, கைத்திருப்புளி. முழு உடலையும் சாய்த்து அழுத்திக்கொண்டு, முதலில் ஒரு நூல் அளவு இறுகும் பக்கம், பிறகு கழலும் பக்கம். இரண்டு வந்துவிட்டன! வாசலில் போய் நின்று மூச்சு வாங்கினேன்.

11 ஆயிற்று.

மே 17, சனி

அந்தக் கோட்டை இன்று வெயிலில் பார்த்தேன். அம்மா புடவை எடுக்கும்போது இடது கை வைக்கும் இடம் அது.

மே 19, திங்கள்

நல்ல நாள். ஒற்றை வெட்டுகள் வராததற்குக் காரணம் பெயின்ட். எப்போதோ கதவுக்கு அடித்தவர்கள் கீலின் மேலும் அடித்திருக்கிறார்கள். வெட்டுக்குள் கல்லாகக் காய்ந்து கிடக்கிறது. ஆக்சா பிளேடுத் துண்டால் ஒவ்வொரு வெட்டையும் அடிவரை சுரண்டினேன். பிறகு திருப்புளியை அரத்தில் தேய்த்தேன். வெட்டின் நீளத்துக்கும் தடிமனுக்கும் சரியாக, ஆடாமல், சொருகிக்கொண்டு நிற்கும்படி. முனை தலையைவிட அகலமாக இருந்தால் பித்தளையைக் கீறும், ஒல்லியாக இருந்தால் வெட்டின் உதட்டைப் பிய்க்கும்.

ஒரே அமர்வில் 18. மொத்தம் 29. மின்விசிறி இல்லாத அறையில் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

மே 20, செவ்வாய்

அக்கா எக்ஸ்ரே படத்தை அனுப்பியிருந்தாள். அம்மாவின் இடுப்பில் மூன்று திருகாணிகள், இணையாக. நீண்ட நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். திருகாணிகளின் மரை, தொடை எலும்பின் உருண்டைக்குள் நன்றாகப் பிடித்திருக்கிறதாம். கழற்ற வேண்டியதில்லையாம்.

மே 22, வியாழன்

தெருக்கோடி ஆசாரி வந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய் விடலாமா என்று கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். “மரத்தில் எண்ணெய் ஊறினால் பிறகு பாலிஷ் பிடிக்காது தம்பி, கறுத்துப் போகும். திருகாணி போனால் வேறு வாங்கலாம், இந்தப் பலகைக்கு எங்கே போவாய்?”

அவர் சொன்னது சூடு. சால்டரிங் அயர்ன் முனையைத் தலைமேல் மட்டும் சில நிமிடம் வைத்தேன். மரத்தில் துருப்பிடித்த இரும்பு பருத்துப்போய் நாரைக் கவ்விக்கொண்டிருக்கும். சூட்டில் இன்னும் கொஞ்சம் விரிந்து நாரை நசுக்கும். ஆறும்போது சுருங்கி நூல் இடைவெளி விடும். அந்த நேரத்தில்தான் திருக வேண்டும், சூடாக இருக்கும்போது அல்ல. ஈரத்துணியைச் சுற்றிலும் வைத்து மரம் கருகாமல் பார்த்துக்கொண்டேன்.

நான்கு வந்தன. 33. மிச்சம் மூன்றும் மூன்றாவது கீலில்.

மே 25, ஞாயிறு

பேஸ்டுக்கும் மசியாத இரண்டு கூட்டல்குறிகளில் ஒன்றைத் துளைத்தேன். நடுவில் புள்ளி குத்தி, கீலைச் சுற்றிக் காகித டேப் ஒட்டி, முதலில் 2 மில்லிமீட்டர், பிறகு 4. தலை மட்டும் வளையமாகக் கழன்று வந்தது. தண்டு உள்ளேயே நிற்கிறது, குறடு பிடிக்க நீட்டமில்லை.

பிடுங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் புதுத் திருகாணி அதே இடத்தில் ஏறாது. சிறிய எஃகுக் குழாயின் வாயில் அரத்தால் பல் வெட்டி, தண்டைச் சுற்றி மரத்தைக் குடைந்து எடுத்து, அந்தத் துளையில் தேக்குக் குச்சியை ஒட்டலாம் என்கிறார் ஆசாரி. கீல் மறைத்துவிடும். ஆனாலும் அது ஒரு துளை. கீல் முழுவதும் கழன்ற பிறகுதான் அதைச் செய்ய முடியும்.

அம்மா போனில் அலமாரியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மே 27, செவ்வாய்

35. அம்மா வாக்கர் பிடித்து நான்கு அடி வைத்தாளாம்.

மே 29, வியாழன்

நாளை காலை ஆறு மணிக்கு லாரி. கடைசித் திருகாணியில் வெட்டின் ஒரு உதடு உடைந்திருக்கிறது. அதன் பக்கத்தில் சட்டத்தில் முடி கனத்தில் ஒரு விரிசல் ஓடுகிறது. டிரில் வைத்தால் பிளந்துவிடும், வைக்க மாட்டேன். மீதமிருக்கும் உதட்டுக்கு எதிரே ஆக்சா பிளேடால் புதிதாக ஒரு வெட்டு இழுத்தேன், கால் மில்லிமீட்டர் வீதம், ஒரு மணி நேரம். பித்தளையில் பிளேடு படவில்லை.

இரண்டு முறை சூடு காட்டினேன், அசையவில்லை. மூன்றாவது முறை இப்போதுதான் காட்டி முடித்தேன். ஆறட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கரண்ட் போய்விட்டது.