விபத்துக்குப் பிறகு விமானத்துக்கு பேலன்ஸ் பார்த்தது

அயோத்தியாப்பட்டணம் தாண்டி இருக்கும் தரிசு நிலத்தில் என் ரிமோட் கன்ட்ரோல் மாடல் விமானத்தை இறக்கும்போது பக்கக்காற்று தூக்கியது. இடது றெக்கை வரப்பில் மோதி உடைந்தது, வால் பட்டை இரண்டாகப் பிளந்தது. பால்சா கட்டை, கார்பன் கம்பி, எபோக்சி வைத்து ஒட்டியாகிவிட்டது. ஆனால் ஒட்டினால் மட்டும் விமானம் பறக்காது, சிஜியை, அதாவது முன்பின் எடை சமமாகும் ஈர்ப்பு மையத்தைப் பார்க்க வேண்டும்.

ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் எடை போட்டேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் மில்லிகிராம் வரை காட்டும் தராசு உண்டு. "தம்பி, கோந்து கலக்குற கப்பையும் தனியா போட்டுக் கழிச்சிருங்க" என்றார். வாலில் கூடியது 14 கிராம், இடது றெக்கையில் 12 கிராம்.

14 கிராம் தானே என்று விடக்கூடாது. வால் சிஜியிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது, மோட்டாரோ 24 செ.மீ.தான். 14-ஐ 60-ஆல் பெருக்கினால் 840. அதை மூக்கில் ஈடுகட்ட, 24-ஆல் வகுத்தால், 35 கிராம் ஈயம் வேண்டும். அவ்வளவு பாரத்தைச் சும்மா சுமக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை. பேட்டரியே 180 கிராம். அதை 3 செ.மீ. முன்னால் தள்ளினால் 540 கழிந்துவிடும். அதற்கு மேல் தள்ள இடமில்லை. மீதி 300-க்கு 12.5 கிராம் போதும். அலாய் வீலில் ஒட்டும் 5 கிராம் வெயிட் மூன்றை மோட்டார் மவுண்டுக்குப் பின்னால் ஒட்டினேன். முதல் பறப்புக்கு மூக்கு கொஞ்சம் கனமாக இருப்பது நல்லது. வால் கனத்தால் விமானம் சொன்ன பேச்சைக் கேட்காது.

றெக்கையின் அகலம் 20 செ.மீ. சிஜி இருக்க வேண்டிய இடமான, முன் விளிம்பிலிருந்து 5.5 செ.மீ.யில் டேப் ஒட்டி, பேட்டரியோடு இரண்டு விரல்களில் தூக்கினேன். மூக்கு லேசாகத் தாழ்ந்து நின்றது. சரி.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பக்கவாட்டு பேலன்ஸும் அதே அளவு முக்கியம் என்பேன். மோட்டார் ஷாஃப்டை நான் பிடிக்க, வாலின் நுனியை என் தம்பி பிடித்தான். விட்டதும் இடது றெக்கை மெல்ல இறங்கியது. ஒட்டிய இடம் நடுவிலிருந்து 40 செ.மீ., வலது நுனி 58 செ.மீ. 12-ஐ 40-ஆல் பெருக்கி 58-ஆல் வகுத்தால் சுமார் 8 கிராம். ஒரு முழு வெயிட்டும், கட்டிங் பிளேயரில் நறுக்கிய 3 கிராம் துண்டும் வலது நுனியில், சிஜி கோட்டின் நேரிலேயே ஒட்டினேன். அப்புறம் இரண்டு பக்கமும் அசையாமல் நின்றது. ஏலரான் (றெக்கையின் பின் விளிம்பில் அசையும் மடல்) ட்ரிம் போட்டு, அதாவது மடலை நிரந்தரமாகக் கொஞ்சம் திருப்பி வைத்துச் சமாளிக்கலாமே என்பார்கள். அது ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும். இறங்கும்போது வேகம் குறைந்தால் கனமான றெக்கை அப்படியே சாய்ந்துவிடும்.

காற்று எழும்பாத விடியற்காலையில், சேர்வராயன் மலை மேல் பனி கலையும் முன் பறக்கவிட்டேன். வாலில் இருக்கும் எலிவேட்டர் மடலுக்கு ட்ரிம் கொஞ்சம் மேலே தேவைப்பட்டது. உயரத்தில் த்ராட்டிலை முழுக்கக் குறைத்து, மூக்கைத் தூக்கி, றெக்கை தூக்கும் சக்தியை இழக்கும்வரை விட்டு ஸ்டால் செய்து பார்த்தேன். எந்தப் பக்கமும் சாயாமல் நேராகவே மூக்கு கவிழ்ந்து, வேகம் பிடித்து எழுந்தது! அடுத்த முறை மூக்கிலிருந்து 5 கிராமைக் கழற்றிப் பார்க்கப் போகிறேன். பேட்டரி நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.