அம்மா போனில் திறக்குமா? எங்கள் கல்லூரி எல்எம்எஸ் தேர்ந்தெடுத்த அனுபவம்

வட சென்னையில் உள்ள ஓர் அரசு உதவிபெறும் தன்னாட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். தண்டையார்பேட்டை, காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்துதான் எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் வருகிறார்கள். காலை ஷிஃப்ட், பிற்பகல் ஷிஃப்ட் என்று இரண்டு கல்லூரி போலவே இயங்குகிறோம். பாடக்குறிப்பு, அசைன்மென்ட், தேர்வு, மதிப்பெண் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்து நடத்தும் எல்எம்எஸ் (கற்றல் மேலாண்மை மென்பொருள்) ஒன்று வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது, தேர்வுக் குழுவில் என்னையும் போட்டார்கள். இதே வேலையில் இறங்கப்போகிற கல்லூரி நண்பர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

தேவை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020இல் கல்லூரிகளை மூடியபோது எங்கள் பாடமெல்லாம் வாட்ஸப் குழுக்களிலும், ஆசிரியர்கள் தங்கள் சொந்த ஜிமெயிலில் திறந்த கூகுள் கிளாஸ்ரூம்களிலும் ஓடியது. அந்த நேரத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் எங்கள் சுயநிதிப் பிரிவில் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுவார்கள். ஒருவர் வேறு வேலைக்குப் போனதும் அவர் உழைத்து உருவாக்கிய வகுப்பும் கேள்விகளும் அவருடைய கணக்கோடு போய்விடும். அடுத்து வருபவர் வெறுங்கையோடு தொடங்குவார். கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழுவின் வருகைக்கு ஆவணம் சேர்க்கும்போது, போனவர்களை எல்லாம் எங்கள் உள் தர உறுதிப் பிரிவின் (ஐக்யூஏசி) ஒருங்கிணைப்பாளர் போனில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கல்லூரியின் பாடம் கல்லூரியிடம் இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு முதல் காரணம்.

குழுவில் முதல்வர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், கணினி அறிவியல் துறைத் தலைவர், வணிகவியல் துறையிலிருந்து ஒருவர், நூலகர், சிஸ்டம் அட்மின், நான். மாணவர்களும் உட்கார வேண்டும் என்று நூலகர் பிடிவாதமாக நின்றார். அவர் அன்று அப்படி நின்றிருக்காவிட்டால் நாங்கள் வேறு ஏதோ ஒன்றைத்தான் வாங்கியிருப்போம்.

தொடக்கத்தில் எல்லாரும் செய்வதையே செய்தோம். எக்செல்லில் நீண்ட பட்டியல்: வினாடி வினா உண்டா, வருகைப்பதிவு உண்டா, வீடியோ வகுப்பு உண்டா, மொபைல் ஆப் உண்டா. நிறுவனங்களுக்கு அனுப்பினோம். எல்லா நிறுவனமும் எல்லா வரியிலும் ‘உண்டு’ என்று எழுதி அனுப்பிவிட்டது. இல்லாததற்கு ‘செய்து தருகிறோம்’. இந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிக்க வழியே இல்லை. விலை மட்டும்தான் மிஞ்சும். அப்படியே விட்டால் குறைந்த கொட்டேஷன் போட்டவருக்குப் போய்விடும்.

அதனால் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் கல்லூரியில் தினம் நடக்கிற வேலைகளை எழுதினோம். பகுதி 1 தமிழ் (பொதுத் தமிழ்ப் பாடம்) ஆசிரியர் வெவ்வேறு துறை மாணவர்கள் கலந்து உட்காரும் ஒரு பெரிய வகுப்பைத் திறக்க வேண்டும். மாணவி கையால் எழுதிய கட்டுரையைப் படமெடுத்து ஏற்ற வேண்டும். ஆசிரியர் வீட்டிலிருந்து மதிப்பெண் போட வேண்டும். செமஸ்டர் முடிவில் அக மதிப்பீட்டு மதிப்பெண், பதிவெண் வரிசையில், தேர்வுப் பிரிவின் மென்பொருள் கேட்கிற அதே வடிவத்தில் வெளியே வர வேண்டும். டெமோ காட்ட வந்தவர்களிடம் இதைக் கொடுத்து, ‘உங்கள் ஸ்லைடு வேண்டாம், இதை எங்கள் கண்முன் எங்கள் தரவை வைத்துச் செய்து காட்டுங்கள்’ என்று கேட்டோம். பளபளப்பாக வந்தவர்களில் சிலர் கடைசி வேலையிலேயே நின்றுவிட்டார்கள். அகம் 25, புறம் 75 என்று பிரிந்து, அந்த 25க்குள்ளும் தேர்வு, அசைன்மென்ட், செமினார் என்று பிரியும் எங்கள் கணக்கை அவர்களுடைய மதிப்பெண் பட்டியலில் அமைக்க முடியவில்லை.

அடுத்ததுதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. ஒரு டெமோவின் நடுவில் மாணவப் பிரதிநிதி தன் கையிலிருந்த போனைக் காட்டி, “மேம், இது எங்க அம்மா போனு. அவங்க மார்க்கெட்லேருந்து வந்தப்புறம்தான் என் கைக்கு வரும். தம்பிக்கும் இதான். இதுல புது ஆப் போட இடமே இல்ல” என்றாள். அதுவரை எங்கள் பேச்செல்லாம் லேப்டாப்பையும் கல்லூரி வைஃபையையும் வைத்தே நடந்தது. அப்புறம் மாணவர்களிடம் விசாரித்தோம். சொந்த லேப்டாப் வைத்திருப்பவர்கள் அபூர்வம். ரீசார்ஜில் கிடைக்கும் தினசரி டேட்டா தீர்ந்துவிட்டால் மறுநாள்தான். பிற்பகல் ஷிஃப்டில் படிக்கும் பையன்களில் சிலர் விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்துக்கு உதவியாகப் போகிறார்கள், சிலர் இரவில் டெலிவரி வேலை பார்க்கிறார்கள். அவர்கள் படிக்கிற நேரம் நாம் நினைக்கிற நேரம் அல்ல.

அன்றிலிருந்து விதியை மாற்றினோம். டெமோ எதுவானாலும் வைஃபையை அணைத்துவிட்டு, மாணவர் ஒருவருடைய பழைய ஆண்ட்ராய்டு போனில், மொபைல் டேட்டாவில் நடக்க வேண்டும். எங்கள் பழைய கட்டடத்தின் தடித்த சுவர்களுக்குள் சிக்னல் தள்ளாடும். அந்த அறையில்தான் வைத்தோம். ஆப் இல்லாமல் பிரவுசரிலேயே எல்லாம் நடக்கிறதா, வினாடி வினாவின் பாதியில் இணைப்பு அறுந்தால் எழுதிய விடைகள் நிற்கின்றனவா, பாடத்தை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டு பிறகு இணைப்பில்லாமல் படிக்கலாமா, ஒரே போனில் அக்காவும் தம்பியும் மாறி மாறி உள்நுழையலாமா. இந்தக் கேள்விகளில் தப்பித்தவை மிகச் சில.

பார்வையற்ற மாணவர் ஒருவர் பி.ஏ. தமிழ் படிக்கிறார். திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும், ஆண்ட்ராய்டில் இருக்கும் டாக்பேக் வசதியோடு அவரே சோதித்துப் பார்த்தார். ஒரு கட்டண மென்பொருளில் அசைன்மென்ட் ஒப்படைக்கும் பொத்தான் வரும்போது வெறும் ‘பட்டன்’ என்று மட்டும் குரல் சொன்னது. எதற்கான பட்டன் என்று சொல்லவில்லை. நிறுவனத்தின் பிரதிநிதி அடுத்த பதிப்பில் சரியாகும் என்றார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லிருந்து இருக்கிறது. அடுத்த பதிப்பு வரை அந்த மாணவர் ஏன் காத்திருக்க வேண்டும் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. குழு அந்த மென்பொருளை அங்கேயே விலக்கியது. அதே சோதனையில் எங்கள் பக்கமும் வேலை இருப்பது தெரிந்தது: ஸ்கேன் செய்த படங்களாக நாங்கள் ஏற்றி வைத்திருந்த பிடிஎஃப்களைத் திரைவாசிப்பானால் ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. அவற்றைத் தட்டச்சு செய்யத் தொடங்கியிருக்கிறோம்.

தமிழ்த்துறை சார்பில் நான் வைத்த சோதனை எழுத்துச் சோதனை. எங்களிடம் இருக்கும் பழைய வினாத்தாள்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. அவற்றை எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக்குறியீடான யூனிகோடுக்கு மாற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடியும். சரி, மாற்றிவிட்டோம் என்றே வையுங்கள். ஒருசொல் விடைக் கேள்வியில் ‘கொற்றவை’ என்பது சரியான விடை. யூனிகோடில் ‘கொ’வின் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. இரண்டையும் ஒன்றாக்கும் வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். செய்யாத ஒன்றில், சரியாக எழுதிய மாணவிக்குத் தப்பு விழுந்தது. ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்து அடிக்கும் பழக்கத்தை மென்பொருள் பொதுவாகத் தானாகத் திருத்தாது, அதற்கு இரண்டு விடைகளையும் ஆசிரியரே கொடுத்து வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் எல்எம்எஸ் வாங்குகிற யாரும் இந்தச் சோதனையை விட்டுவிட வேண்டாம். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இது கடைசி வரை கண்ணில் படாது.

வெளியேறும் வழியைப் பற்றிக் கேட்டது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். “மூணு வருஷம் கழிச்சு நாங்க வேற இடத்துக்குப் போனா, எங்க கையில என்ன தருவீங்க?” பல இடங்களில் வந்த பதில், பிடிஎஃப் அறிக்கைகள். கேள்விகளை வேறு மென்பொருளில் ஏற்றக்கூடிய வடிவில் தர முடியாது என்றார்கள். அப்படியானால் ஆசிரியர்கள் வருடக்கணக்கில் எழுதும் கேள்வி வங்கி அங்கேயே சிறைப்படும். இது வெறும் பயமல்ல, இந்தத் துறையில் நடந்திருக்கிறது. வெப்சிடி என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்த எல்எம்எஸ்ஸைப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தின. 2006இல் போட்டி நிறுவனமான பிளாக்போர்டு அதை வாங்கிக்கொண்டது. அதை நம்பியிருந்தவர்கள் பின்னாளில் வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் அதே வெப்சிடியை நிர்வகித்து வந்த மார்ட்டின் டூகியாமஸ்தான் மூடுல் என்ற திறந்தமூல எல்எம்எஸ்ஸை எழுதினார். அதன் முதல் முழுப் பதிப்பு 2002இல் வந்தது. நிரல் எல்லாருக்கும் திறந்திருப்பதால் ஒரு நிறுவனம் கடையைக் கட்டினாலும் நம் கையில் இருப்பது ஓடிக்கொண்டே இருக்கும்.

மாணவர் தரவு பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் குழந்தை. அவருடைய தரவைக் கையாளப் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. முதலாண்டில் சேருகிறவர்களில் பலருக்கு 17தான் ஆகிறது. ‘மாணவர் நடத்தையை அலசித் தருகிறோம்’ என்று பெருமையாகக் காட்டிய நிறுவனத்திடம் அந்தத் தரவு எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டோம். பதில் வரவே இல்லை.

கடைசியில் மூடுலும் ஒரு கட்டண மென்பொருளும் மிஞ்சின. கட்டண மென்பொருள் நன்றாகவே இருந்தது, திரை அழகாக இருந்தது. ஆனால் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. மாணவர் எண்ணிக்கை கூடினால் கட்டணமும் கூடும். அடுத்த புதுப்பிப்பில் விலை என்ன என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மூடுலுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. அதை ‘இலவசம்’ என்று நிர்வாகத்திடம் சொல்ல வேண்டாம் என்று சிஸ்டம் அட்மின் உறுதியாகச் சொன்னார். சர்வர் வாடகை உண்டு, காப்புப் பிரதி எடுக்க ஆள் வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறை புதிய பதிப்பு வரும், பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போட முடியாது. இந்தச் செலவையெல்லாம் எழுதி, பராமரிப்புக்கு வெளியே ஒரு சிறிய ஒப்பந்தத்தையும் சேர்த்துத்தான் நிதிக் குழுவிடம் வைத்தோம். அப்படியும் குறைவாகவே வந்தது.

மூடுலையே தேர்ந்தெடுத்தோம். ஆனால் உடனே கல்லூரி முழுக்கத் திறக்கவில்லை. ஒரு செமஸ்டர் பகுதி 1 தமிழை மட்டும் வைத்து ஓட்டினோம். எல்லாத் துறை மாணவர்களும் அதற்குள் வந்துவிடுவார்கள் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம். முதல் அசைன்மென்டிலேயே புகார்கள் வந்தன: படம் ஏறவில்லை. போன் கேமராவில் எடுத்த ஒரு பக்கமே நாலைந்து எம்பி வரும். மூடுல் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி என்ற நிரல்மொழியில், நாம் மாற்றாவிட்டால், ஏற்றும் கோப்பின் வரம்பு 2 எம்பிதான். வரம்பைக் கூட்டினால் சர்வரில் இடம் மளமளவென்று தீர்ந்தது. போனிலேயே ஸ்கேன் செய்து சிறிய பிடிஎஃப் ஆக்கும் முறையைச் சீனியர் மாணவிகள் ஜூனியர்களுக்கு வராந்தாவில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். நாங்கள் நடத்திய பயிற்சியைவிட அதில்தான் அதிகப் பேர் கற்றுக்கொண்டார்கள். வினாடி வினாவை எல்லாரும் ஒரே நிமிடத்தில் திறந்தால் சர்வர் திணறியது. இப்போது ஷிஃப்டுவாரியாகப் பிரித்து, நேரத்தையும் காலை முதல் இரவு வரை நீட்டி வைக்கிறோம். அம்மா வீடு திரும்பிய பிறகும் எழுதலாம்.

ஒரே போனைப் பலர் பகிர்வதற்கு எந்த மென்பொருளிலும் தீர்வு இல்லை. நூலகத்தில் சில கணினிகளை இதற்கென்றே ஒதுக்கி, பிற்பகல் ஷிஃப்ட் முடிந்த பிறகும் நூலகர் திறந்து வைக்கிறார். சுயநிதிப் பிரிவுக்குப் புதிதாக வருகிற ஆசிரியர்களுக்குச் சேர்ந்த வாரத்திலேயே பயிற்சி என்று முதல்வர் உத்தரவு போட்டிருக்கிறார். அவர்களுக்கு முன் இருந்தவர் எழுதிய கேள்விகள் இப்போது உள்ளேயே இருக்கின்றன. அடுத்த செமஸ்டரில் வணிகவியல் தாள்கள் சேர்கின்றன. பேரேட்டுக் கணக்கை வினாடி வினாவில் எப்படிக் கேட்பது என்று அந்தத் துறை ஆசிரியர்கள் சிஸ்டம் அட்மினோடு உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.