பூண்டுத் தளத்தைக் கூகுள் தேடலில் கொண்டுவரப் பட்ட பாடு

புதிதாக இணையதளம் தொடங்கியவர்கள், ‘முதல் பக்கத்தில் கொண்டுவருகிறோம்’ என்று வரும் தொலைபேசி அழைப்புக்குத் தலையாட்டுவதற்கு முன்பு, கூகுளின் தேடற்பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சைட்’ (site) என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தங்கள் தளத்தின் முகவரியை இட்டுப் பாருங்கள். ஒரு முடிவும் வரவில்லையென்றால், பெரும்பாலும் உங்கள் தளம் கூகுளின் பட்டியலிலேயே ஏறவில்லை என்று பொருள். ஒரு நிமிடம்கூடப் பிடிக்காத இந்தச் சோதனையைச் செய்யாமலேயே எங்களிடம் பணம் கறந்தது ஒரு நிறுவனம்.

கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில் விளையும் பூண்டை வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்புவதே எங்கள் குடும்பத்தின் வழக்கம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, வெளியூர்க்காரர்கள் நேரடியாக அனுப்ப முடியுமா என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்காக, தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரு தளம் செய்வித்தோம். பணம் பெறும் வசதி, கூரியர் ஏற்பாடு எல்லாம் தொல்லையில்லாமல் முடிந்தன. ஆள்தான் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் நான் சொன்ன அந்த நிறுவனம் அழைத்தது. பேசியவர் மிகவும் பணிவானவர்; ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு முறை ‘சார்’ என்றார். முன்பணம் போய்ச் சேர்ந்த பிறகு வந்த வேலைப் பட்டியலில், பக்கங்களுக்குள் ‘கீவேர்ட்ஸ்’ குறிச்சொல் (பக்கம் எதைப் பற்றியது என்று தேடுபொறிக்குச் சொல்ல, பார்ப்பவர் கண்ணில் படாமல் எழுதும் சொற்கள்) நிரப்புவதற்கென்று ஒரு தொகை தனியாகப் போடப்பட்டிருந்தது. தரவரிசைக்கு அந்தக் குறிச்சொல்லைத் தாங்கள் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது. அடுத்ததாக, கொடைக்கானலுக்கு வர 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கட்டாயம் ஆனதால் அதைத் தேடுபவர்கள் ஏராளம் என்றும், ‘இ-பாஸ்’, ‘தங்கும் விடுதி’ போன்ற சொற்களை வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் பூண்டுப் பக்கத்தின் அடியில் ஒளித்து வைத்தால் அவர்களெல்லாம் நம் பக்கம் வந்துவிடுவார்கள் என்றும் யோசனை சொன்னார்கள். எழுத்தை மறைத்து வைப்பது கூகுளின் விதிகளில் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்ட ஏமாற்று வேலை என்பது ஒருபுறம் இருக்கட்டும். இ-பாஸ் தேடி வருபவர் கால் கிலோ பூண்டு வாங்கிக்கொண்டா போவார்?

மாதக் கடைசியில் ‘பேக்லிங்க்’ (பிற தளங்கள் நம் தளத்துக்குத் தரும் இணைப்பு) அறிக்கை என்று ஓர் எக்செல் கோப்பு வந்தது. திறந்து பார்த்தால், வெளிநாட்டுச் சூதாட்டப் பக்கங்களும், எந்த மொழி என்றே புரியாத பக்கங்களும் நூற்றுக்கணக்கில் எங்கள் தளத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தன. பணத்துக்கு வாங்கும் இணைப்புகளால் தரவரிசையை உயர்த்த முயல்வதும் விதிமீறல்தான். அவற்றை நீக்கச் சொன்னபோது, அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அத்தோடு அந்த உறவை முறித்துக்கொண்டோம்.

உண்மையைச் சொன்னது, நம் தளம் தேடலில் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும், கட்டணமே இல்லாத கூகுள் சர்ச் கன்சோல். அதில் தளம் நம்முடையது என்று உறுதிப்படுத்த, டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) வாங்கிய கணக்குக்குள் நுழைந்து ஒரு பதிவைச் சேர்ப்பது ஒரு வழி. அந்தக் கணக்கோ தளம் செய்து கொடுத்தவரின் மின்னஞ்சலில் இருந்தது. அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் வரை பேருந்தில் மலையிறங்கிப் போனால், அலுவலகத்தில் பூட்டுத் தொங்கியது. திரும்பி வந்த பிறகுதான், கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள், வேர்ட்பிரஸின் நிர்வாகக் கடவுச்சொல் கையில் இருந்தாலே போதும், கன்சோல் தரும் ஒற்றை வரிக் குறிச்சொல்லை முகப்புப் பக்கத்தின் தலைப்பகுதியில் ஒட்டி உறுதிப்படுத்திவிடலாம் என்று கண்டுபிடித்தாள். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அன்றைய பேருந்துக் கட்டணமாவது மிஞ்சியிருக்கும்.

உள்ளே போய் முகப்புப் பக்கத்தின் முகவரியைச் சோதனைக்கு இட்டதும், ‘நோஇண்டெக்ஸ்’ குறிச்சொல்லால் விலக்கப்பட்டது என்று பதில் வந்தது. “சித்தப்பா, கடையைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் ‘உள்ளே வராதீர்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள்” என்றாள் அவள். வேர்ட்பிரஸின் செட்டிங்ஸில் ‘ரீடிங்’ என்ற பகுதியின் அடியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு சிறு கட்டம் இருக்கிறது. தளம் செய்யும்போது அதில் ‘டிக்’ போடுவது வழக்கமாம். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எங்கள் தளத்தைச் செய்தவர் எடுக்கவில்லை. முதல் பக்கத்தில் கொண்டுவருவதாகச் சொன்னவர்களும் அந்தக் கட்டத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கட்டத்தை எடுத்துவிட்டு, தளத்தின் பக்க முகவரிகள் அடங்கிய பட்டியலான சைட்மேப்பைச் சமர்ப்பித்தோம். பிங் தேடுபொறியின் வெப்மாஸ்டர் கருவிக்கும் அதே விவரங்களைக் கன்சோலிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம் என்பதால் அது சட்டென்று முடிந்தது. கூகுளில் முகப்பு முதலில் ஏறியது. மற்றப் பக்கங்கள் ‘கண்டறியப்பட்டது, இன்னும் பட்டியலிடப்படவில்லை’ என்ற நிலையிலேயே நெடுநாள் கிடந்தன. பட்டியலிடக் கோரும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதால் வேகம் கூடாது என்று கூகுளின் உதவிக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

உண்மையில் ஆள் வரத் தொடங்கியது, வாங்குபவர்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளையே பக்கங்களாக எழுதிய பிறகுதான். பூண்டில் ஏன் புகை வாசனை வருகிறது என்று கேட்காத ஆள் கிடையாது. தண்டோடு கட்டி அடுப்புப் புகை படும்படி தொங்கவிட்டுக் காயவைப்பதால்தான் என்று எழுதி, கரியேறிய உத்தரத்தில் கட்டுகள் தொங்கும் படத்தையும் போட்டோம். கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் முதன்முதலாகச் சொடுக்குகள் வாங்கியது அந்தப் பக்கம்தான். படங்களைக் கேமராவிலிருந்து அப்படியே ஏற்றாமல் சுருக்கி ஏற்றுங்கள். எங்கள் ஊர் சிக்னலில் எங்கள் பக்கமே எங்களுக்குத் திறக்கவில்லை.

கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்க்கும் பிசினஸ் ப்ரொஃபைலுக்கு எங்களிடம் காணொளிச் சரிபார்ப்புக் கேட்டார்கள். தெரு, பெயர்ப்பலகை, கடையை நாம்தான் நடத்துகிறோம் என்பதற்கான அடையாளம் எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் பதிவாக வேண்டும். தெருவிலிருந்து தொடங்கிப் பலகையை நெருங்குவதற்குள் மஞ்சு (மூடுபனி) இறங்கி, பலகை வெள்ளைத் துணியாகத் தெரிந்தது. மலையில் இருப்பவர்கள் இதை விடிகாலையில் எடுப்பது நல்லது. மதியத்துக்கு மேல் நம்பாதீர்கள். பூட்டைச் சாவி போட்டுத் திறப்பதையும் படத்தில் காட்டினோம், ஏற்றுக்கொண்டார்கள்.

டொமைன் மட்டும் இன்னும் அந்தத் திண்டுக்கல்காரரின் கணக்கில்தான் இருக்கிறது. புதுப்பிக்கும் தேதி வருவதற்குள் எங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி எழுத்துமூலம் கேட்டிருக்கிறோம். நீங்கள் தளம் செய்யக் கொடுப்பதாக இருந்தால், டொமைனை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் அட்டையில் நீங்களே வாங்கிய பிறகு வேலையைக் கொடுங்கள்.