கல்யாணம் ஆன வருடமே அத்தான் தனியாள்

2023 கார்த்திகையில் பாளையங்கோட்டையில்தான் எங்கள் கல்யாணம். அத்தான் லீவு முடிந்து டெக்சாஸ் போனவர், அந்த வருட வரிக் கணக்கில் பழைய பழக்கத்தில் ‘சிங்கிள்’ என்று டிக் போட்டுவிட்டார். நான் இங்கேதானே இருக்கிறேன், அதனால் சரி என்று நினைத்தாராம். அங்கே சட்டப்படி டிசம்பர் 31 அன்று கல்யாணம் ஆகியிருந்தால் வருடம் முழுக்க ஆனவர் என்றுதான் கணக்கு, மனைவி எந்த ஊரில் இருந்தாலும்.

விஷயம் கேட்டு அப்பாவுக்குத்தான் கோபம். “ஏளா, அத்தன பேருக்கு இலை போட்டிருக்கோம், மாப்ள தனியாளுன்னா எழுதிக் குடுத்திருக்காவ?”

திருத்த 1040-எக்ஸ் படிவம். முதலில் காட்டிய தொகை, வித்தியாசம், சரியான தொகை என்று மூன்று நெடுவரிசை, கடைசியில் ஏன் திருத்துகிறோம் என்று நாலு வரி. சேர்ந்து தாக்கல் செய்தால் நிலையான கழிவு, அதாவது வருமானத்தில் வரி போடாமல் விடும் தொகை, அந்த 2023 கணக்குக்கு 13,850 டாலரிலிருந்து 27,700 ஆனது, ஆனால் என்னையும் அந்த ஊர்வாசியாகக் கருதச் சொல்லி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம் இங்கே நான் வாங்கும் டீச்சர் சம்பளத்தையும் காட்ட வேண்டும்! காட்டினோம், அப்படியும் லாபம்தான்.

எனக்கு அங்கே வரி எண் கிடையாது, அதற்கு டபிள்யூ-7 என்று தனிப் படிவம். அப்பா ஆர்வத்தில் பாஸ்போர்ட் நகலுக்கு நோட்டரி முத்திரை வாங்கி வந்துவிட்டார். அது செல்லாதாம், அசல் வேண்டும், இல்லாவிட்டால் பாஸ்போர்ட் ஆபீஸே சான்று தந்த நகல். முத்திரை குத்திய தாள் இன்னும் டிவி மேல்தான் கிடக்கிறது.