முக்கால் பவுண் தேத்தண்ணி

கனடாவிலை இருந்து வாற ஆக்களின்ரை சூட்கேசுக்குள்ளை சொக்கிலேற், சென்ற் போத்தில், கோடாலித் தைலம் இதுகளை விட வேறை ஒண்டும் இருக்காது எண்டுதான் எங்கட வீட்டிலை எல்லாரும் நம்பிக்கொண்டு இருந்தது, ஆனா இந்தமுறை மச்சான் வந்து தேயிலைப் பக்கற் ரெண்டைத் தூக்கி மேசையிலை வைச்சான். தேயிலை! சிலோனுக்கு! கொல்லன் தெருவிலை ஊசி விக்கிறது எண்டு சொல்லுவினம், இவன் ஊசியைச் சும்மா குடுக்க எல்லோ வந்திருக்கிறான் எண்டு அம்மா குசினிக்கை நிண்டு முணுமுணுத்தவா.

ரெண்டும் தாய்வான் ஊலோங், அதுவும் பச்சை ஊலோங். ஒண்டு சாதாரணம், மற்றது மேல்தரம், விலை மூண்டு மடங்கு. "குடிச்சுப் பாத்து மூண்டு மடங்குக்கு வித்தியாசம் இருக்கோ எண்டு சொல்லு" எண்டுட்டு அவன் கோயில் திருவிழாவுக்கெண்டு ஊருக்குப் போட்டான்.

ஊலோங்கும் எங்கட தேயிலைச் செடிதான், வேறை மரம் ஒண்டும் இல்லை. எங்கட கறுப்புத் தேயிலை முழுக்கப் புளிக்க வைச்சது, பச்சைத் தேயிலை புளிக்க விடாமல் சூடு காட்டினது, ஊலோங் ரெண்டுக்கும் நடுவிலை நிக்கிறது, பச்சை ஊலோங் எண்டால் பச்சைத் தேயிலைப் பக்கம் கொஞ்சம் கூடச் சாஞ்சது. கொழுந்தை வெயிலிலை வாட விட்டு, மூங்கில் தட்டிலை போட்டுக் குலுக்கிக் குலுக்கி இலையின்ரை ஓரத்தைக் கண்ட வைச்சு, பிறகு சூடு காட்டி, துணியிலை கட்டி உருட்டி உருட்டி எடுக்கிறாங்கள். அதாலை பக்கற்றுக்குள்ளை பாத்தால் இலையே இல்லை, கரும்பச்சை உருண்டைதான் கிடக்கும். மலிஞ்சது நான்டோ பக்கத்துப் பதிவான நிலத்திலை வளர்ற நாலு பருவம் எண்ட சாதி, வருசத்திலை கனதரம் வெட்டலாம், மிசினாலைதான் வெட்டுறது. மற்றது அலிஷான் மலையிலை, 1000 மீற்றருக்கு மேலை, கையாலை ஆஞ்சது.

இதைக் கேள்விப்பட்டதும் பெரியப்பா சைக்கிளிலை வந்து இறங்கீட்டார். வராமல் இருப்பாரோ? தலவாக்கலைப் பக்கம் தோட்டத்து பாக்டரியிலை ரீமேக்கரா, அதாவது தேயிலை தயாரிக்கிற பொறுப்பிலை இருந்து ரிட்டயர் பண்ணினவர், எங்கட குடும்பத்திலை தேயிலையைப் பற்றி அவரைத் தாண்டி ஒருத்தரும் வாய் திறக்கேலாது, செத்தவீட்டுத் தேத்தண்ணிக்கே மார்க்ஸ் போடுற மனுசன். பக்கற்றைக் கையிலை எடுத்த உடனை முதல் கேள்வி, "தம்பி, இது பீஓபியோ எஃப்பீஓபியோ?" ரெண்டும் இல்லைப் பெரியப்பா எண்டன். "அப்ப டஸ்ற்றோ?" எண்டார். பக்கற்றிலை போடுற பீஓபி, எஃப்பீஓபி எண்ட எங்கட ஊர் எழுத்துகள் முழுக்கச் சல்லடையிலை அரிச்ச இலையின்ரை அளவுக்குத்தான், தரத்துக்கு இல்லை எண்டது அவருக்குத்தான் என்னை விட நல்லாத் தெரியும், ஆனா எழுத்து இல்லாத தேயிலையை நம்ப அவருக்கு மனம் வரேல்லை. மலை உயரத்தைச் சொன்னாப் பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார். "4000 அடிக்கு மேலை எண்டாத்தான் ஹைக்ரோன். சரி, பாப்பம்."

பாக்கிறதெண்டால் முறைப்படி பாக்கோணுமாம். ஒரு பேணிக்கு 3 கிராம், 150 மில்லி கொதிதண்ணி, மூடி வைச்சு 6 நிமிசம். தாய்வானிலை உருட்டின ஊலோங்குக்குப் போட்டி வைக்கேக்கையும் இதே கணக்குத்தான் எண்டு நான் போனிலை தேடிக் காட்ட, தனக்கு முதலே தெரிஞ்சது மாதிரித் தலையாட்டினார். ஆனா 3 கிராமை எதிலை நிறுக்கிறது? எங்கட வீட்டுத் தராசு வெங்காயத்துக்கே ஒழுங்கா நிக்காது. முன்வீட்டு அண்ணைக்குக் கஸ்தூரியார் வீதியிலை நகைவேலை, அவற்றை குட்டித் தராசை இரவல் வாங்கி வந்தன். அவர் தராசைத் தரேக்கை "என்ன தம்பி, அடகு மீட்டதோ" எண்டு ரகசியமாக் கேட்டவர், நான் தேயிலை நிறுக்க எண்டன், அண்ணை அதுக்குப் பிறகு ஒண்டும் கேக்கேல்லை, ஆனா இப்பவும் என்னை ஒரு மாதிரித்தான் பாக்கிறார். ரெண்டு பேணிக்கும் 6 கிராம். அம்மா உடனை கணக்குப் பாத்தா: "முக்கால் பவுணடா! முக்கால் பவுண் தேயிலையைத் தண்ணியிலை போடப் போறியள்!"

முதல் ரவுண்ட். பெரியப்பா கரண்டியிலை எடுத்து ஸ்ஸ்ஸ்ர்ர்ர் எண்டு வேலி தாண்டிக் கேக்கிற சத்தத்திலை உறிஞ்சி, வாய்க்குள்ளை உருட்டி, எழும்பிப் போய் செம்பரத்தையடியிலை துப்பீட்டு வாறார். திரும்ப உறிஞ்சல், திரும்பத் துப்பல். பக்கத்துவீட்டு அன்ரி வேலியாலை எட்டிப் பாத்து "என்ன, அண்ணைக்குச் சத்தியோ? ஓமத்தண்ணி கொண்டு வரட்டோ?" எண்டு கேட்டவா. பெரியப்பா திரும்பியே பாக்கேல்லை. கடைசியாத் தீர்ப்புச் சொன்னார்: "ரெண்டும் ஒண்டுதான். ரெண்டிலையும் ஒண்டும் இல்லை. உவனை நல்லாப் பேக்காட்டிப் போட்டாங்கள்."

நானும் குடிச்சுப் பாத்தன், உண்மையாவே ரெண்டும் மந்தமாத்தான் இருந்தது, மேலை ஒரு மெல்லிய ஆடை வேறை. அப்ப அம்மாதான் சொன்னா, "அத்தான், உந்தக் கேத்திலுக்குள்ளை ஒருக்கா எட்டிப் பாருங்கோவன்." பாத்தால் அடி முழுக்க வெள்ளைப் படை. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளாலை வாறது, கல்சியம் கூட. எங்கட கடும் சாயத்துக்கு, அதுவும் பால்மாவும் சீனியும் விழுந்தாப் பிறகு அது பெரிசாத் தெரியாது, ஆனா இப்பிடி மெல்லிசான தேயிலையின்ரை வாசத்தை அமத்திப் போடும். பெரியப்பா ஒரு நிமிசம் பேசாமல் இருந்தார். பிறகு "தோட்டத்திலை எங்களுக்கு ஊத்துத் தண்ணி பிள்ளை" எண்டார், ஏதோ அம்மாதான் கிணத்தைத் தோண்டின மாதிரி.

சந்திக் கடையிலை போத்தல் தண்ணி வாங்கி வந்து, அம்மா கேத்திலைத் தேசிக்காய் போட்டுக் கொதிக்க வைச்சு உரஞ்சித் தர, திரும்ப ஒரு முக்கால் பவுண். மூடியைத் திறக்கவே விளங்கீட்டுது. மலிஞ்சதின்ரை வாசம் முகத்திலை வந்து அடிக்குது, பூ வாசம்தான், நல்லாத்தான் இருக்கு, ஆனா 6 நிமிசம் ஊறினாப் பிறகு நாக்கிலை கயருது. அலிஷான் வாசம் உடனை வரேல்லை. வாயிலை வைச்சால் வழுவழுப்பா இருக்கு, விழுங்கி முடிஞ்சு கொஞ்ச நேரத்தாலை தொண்டைக்குள்ளை ஒரு இனிப்பு ஏறுது, கயர் எண்ட பேச்சே இல்லை. நான் இதையெல்லாம் எப்பிடிச் சொல்லுறது எண்டு சொல்லுத் தேடிக்கொண்டு இருக்க, அம்மா என்னை இடிச்சுக் கண்ணாலை காட்டினா. பெரியப்பா செம்பரத்தையடிக்குப் போகேல்லை. விழுங்கிக்கொண்டு இருக்கிறார்.

பிறகு அதே இலைக்குத் திரும்பத் திரும்பத் தண்ணி விட்டம். என்னைக் கேட்டால் அந்த மூண்டு மடங்கு காசு இங்கைதான் இருக்கு. மலிஞ்சது ரெண்டாம் தண்ணியோடை களைச்சு, பிறகு வெறும் சுடுதண்ணி. அலிஷான் விட விட வருது, ஒவ்வொருக்காலும் கொஞ்சம் வேறை மாதிரி, பெரியப்பா "இன்னொருக்கா விடு பாப்பம், இன்னொருக்கா" எண்டு பின்னேரமாக்கிப் போட்டார்.

ஆனா சண்டை முடியேல்லை. ஊறின இலையைத் தட்டிலை விரிச்சுப் பாக்க, அலிஷான் உருண்டை எல்லாம் முழுசா விரிஞ்சு, ரெண்டு மூண்டு இலை ஒரே காம்பிலை வடிவாக் கிடக்கு. மற்றதிலை பாதி இலை மிசின் வெட்டினது. நான் சந்தோசமாக் காட்ட, பெரியப்பாக்குக் கோவம் வந்துட்டுது. "தண்டு! தண்டோடை பொதி பண்ணியிருக்கிறாங்கள்! எங்கட பாக்டரியிலை இப்பிடித் தண்டு வந்தால் துரை என்னைக் கீழை இறக்கியிருப்பார்!" கையாலை ஆஞ்சதுக்கு அந்தக் காம்புதான் அடையாளம் எண்டு நான் சொல்லிப் பாத்தன். கேக்கேல்லை. ஒவ்வொரு காம்பாப் பிரிச்சு ஓரமா அடுக்கி வைச்சு, தேயிலைக்குப் பாஸ், பாக்டரிக்குப் பெயில் எண்டு சொல்லிப் போட்டார்.

பச்சை ஊலோங் உடைச்சால் கனநாள் வைக்கேலாது, காத்துப் பட்டால் வாசம் போயிடும் எண்டதாலை நான் பக்கற்றை நல்லா இறுக்கிக் கட்டி அலுமாரிக்குள்ளை வைச்சுட்டு வேலைக்குப் போனன். அண்டைக்கெண்டு கலியாணக் கார்ட் தர ஆக்கள் வந்திருக்கினம், வீட்டிலை தேயிலை முடிஞ்சு போச்சு. அம்மா அலிஷானை ரெண்டு கரண்டி போட்டு, கிணத்துத் தண்ணியிலை காய்ச்சி, பால்மா அடிச்சு, சீனியும் போட்டுக் குடுத்திருக்கிறா. வந்த ஆக்கள் மரியாதைக்குக் குடிச்சுட்டு, "தேத்தண்ணிக்குச் சாயம் காணாது, தேயிலை விக்கிற விலைக்கு என்ன செய்யிறது" எண்டு அம்மாவுக்கு ஆறுதல் சொல்லீட்டுப் போயிருக்கினம். இதைப் பெரியப்பாக்கு ஆர் சொல்லுறது எண்டு நானும் அம்மாவும் இன்னும் முடிவெடுக்கேல்லை. மனுசன் நாளைக்கும் வாறாராம், தன்ரை தண்ணிப் போத்திலோடை.