கனகபுரா ரோட்டு கேம்பும் எங்கள் காக்டெயில் நோட்டும்

கேம்ப் காக்டெயிலின் முக்கால்வாசி வேலை வீட்டு அடுப்படியிலேயே முடிந்துவிட வேண்டும். இதை யார் கேட்டாலும் அடித்துச் சொல்வேன். மாந்தோப்புக்குள் டென்ட் போட்டுவிட்டு, நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு, புகை கண்ணில் ஏற நிற்கிற ஒருவரால் ஆறேழு பேருக்குத் தனித்தனியாக அளந்து கலக்க முடியாது. அப்படிக் கலந்தால் முதல் டம்ளர் புளிக்கும், மூன்றாவது டம்ளர் தித்திக்கும். பாகு வீட்டில் காய்ச்சியது, ஐஸ் வீட்டில் உறைந்தது, அளவு நோட்டில் எழுதியது. தோப்பில் செய்ய வேண்டியது எலுமிச்சை பிழிவதும் குலுக்குவதும்தான்.

எங்கள் கூட்டம் பெங்களூருவில் பிழைக்க வந்த தமிழ்க் கூட்டம். ஹலசூரில் நான், மர்ஃபி டவுனில் பிறந்து வளர்ந்த ஒரு அண்ணன், இந்திராநகரில் வாடகைக்கு இருக்கும் ஒரு கோவைக்கார ஜோடி, சனிக்கிழமை காலை பஸ் பிடித்து வந்து சேரும் ஓசூர் அக்கா. வேறு சிலரும் வருவதும் போவதுமாக இருப்பார்கள். கலக்குவது பெரும்பாலும் நான். தீர்ப்பு சொல்வது எல்லோரும்.

போகிற இடம் கனகபுரா ரோடு. பனசங்கரியைத் தாண்டி தலகட்டபுரா, கக்கலிபுரா வரை நெரிசல் உயிரை வாங்கும். ஹாரோஹள்ளி நெருங்கும்போது இரண்டு பக்கமும் கருங்கல் குன்றுகள் எழும்ப ஆரம்பிக்கும்; அதைப் பார்த்ததும் வண்டிக்குள் பேச்சுச் சத்தமே மாறிவிடும். 2025-இல் பெங்களூரு தெற்கு என்று பெயர் மாறிய ராமநகர மாவட்டம் முழுக்க மாந்தோப்புகள். அதில் சில தோப்புக்காரர்கள் டென்ட் போட இடமும், கிணற்றுத் தண்ணீரும், ஒரு கழிப்பறையும் கொடுக்கிறார்கள். குடிக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு, சரி என்று சொல்கிற தனியார் தோப்பில் மட்டும்தான் நாங்கள் பாட்டிலை எடுப்போம். காவிரி வனவிலங்குச் சரணாலயம் பக்கம், சங்கமம், மேகதாது என்று போகும் வாரங்களில் பாட்டிலே கிடையாது. ஆற்றங்கரைப் பாறைகளில் கிடக்கும் உடைந்த கண்ணாடியைப் பார்த்தவர் யாரும் அங்கே குடிக்க ஆசைப்படமாட்டார்கள். ஓசூர் எல்லையைத் தாண்டுகிற கேம்புக்கும் இங்கே வாங்கியதைக் கொண்டுபோவதில்லை. மாநிலம் விட்டு மாநிலம் மது கொண்டுபோவது வீண் வம்பு.

வியாழக்கிழமை ராத்திரி பாகு காய்ச்சுவேன். மண்டியா வெல்லம் கால் கிலோவைத் தட்டி, அதே எடைக்குத் தண்ணீர் விட்டு, சின்னத் தீயில் கரையவிட வேண்டும். கொதித்துக் கெட்டியாகக் கூடாது. கம்பிப் பதமெல்லாம் அதிரசத்துக்கு. கரைந்ததும் வேட்டித் துணியில் வடிகட்டினால் அடியில் மண்ணும் கரும்புச் சக்கையும் தங்கும். அப்புறம் இடிகல்லில் ஒன்றிரண்டாகத் தட்டிய சுக்கு, நாலு ஏலக்காய் போட்டு மூடிவிட்டு, ஆறியபின் இன்னொரு தடவை வடிகட்ட வேண்டும். கையில் ஒட்டும் அந்தப் பாகில் ராமநவமிப் பானகத்தின் வாசனை முழுசாக இருக்கும். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அடுப்படியில் நக்கிப் பார்க்கும்போது திகட்டுகிற பாகு, ஐஸோடு சேர்ந்தால் அவ்வளவு இனிக்காது. குளிர்ச்சி, நாக்கில் இனிப்பைக் குறைத்துக் காட்டும். அதனால் சின்ன டம்ளரில் ஐஸோடு கலந்து பார்த்துத்தான் அளவை முடிவு செய்வேன்.

ஐஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாட்டில் விலையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது கிட்டத்தட்ட 80 கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். காக்டெயில் குளிர்வதே அந்த உருகலால்தான். உருகினால் தண்ணீர் சேரும். அந்தத் தண்ணீரும் செய்முறையில் ஒரு பொருள்தான். நம் ஊர் ரம், ஜின், விஸ்கி எல்லாம் பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால். அதை அப்படியே எலுமிச்சையோடு கலந்தால் தொண்டையை அறுக்கும். நன்றாகக் குலுக்கிய பானத்தில் கால் பங்குக்கு நெருக்கமாகத் தண்ணீர் சேர்ந்திருக்கும், அப்போதுதான் ருசி விரியும். எம்.ஆர்.பி. கடை எனப்படும் மதுக்கடையில் கிடைக்கும் கியூப் பாக்கெட் ஹாரோஹள்ளி தாண்டுவதற்குள் பாதி தண்ணீராகிவிடும். அதனால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை எவர்சில்வர் டிபன் டப்பாவில் ஊற்றி, இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து, பெரிய கட்டியாகக் கொண்டுபோகிறேன். கட்டி பெரிசானால் உருகும் வேகம் குறைவு. தோப்பில் சுத்தமான துணியில் சுற்றிப் பூரிக்கட்டையால் இரண்டு தட்டு தட்டினால் போதும். மீன் கடை ஐஸை மட்டும் டம்ளருக்குள் போட்டுவிடாதீர்கள். அது குடிக்கிற தண்ணீரில் செய்தது என்று சொல்ல முடியாது.

ஷேக்கர் வாங்கவே இல்லை. வாய் அகலமான ஸ்டீல் தண்ணீர் பாட்டில், டீ வடிகட்டி, மது அளக்க 30, 60 மில்லி குறி போட்ட பெக் மெஷர். பத்துப் பன்னிரண்டு விநாடி வேகமாகக் குலுக்கினால் பாட்டிலின் வெளிப்புறம் வியர்த்து, விரல் ஒட்டுகிற மாதிரி குளிரும். அதுதான் நிறுத்தும் நேரம்.

மதிப்பெண் போடும் முறையை மர்ஃபி டவுன் அண்ணன்தான் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர். என்ன கலந்திருக்கிறது என்று கலக்கியவர் வாய் திறக்கக் கூடாது. முதல் மடக்கு குடித்து ஒரு மதிப்பெண், டம்ளரைப் பத்து நிமிஷம் அப்படியே வைத்துவிட்டு ஐஸ் உருகியபின் இன்னொரு மதிப்பெண், இரண்டும் பத்துக்கு. துண்டுச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரோடு பேசக் கூடாது. இந்த இரண்டாவது மதிப்பெண்தான் உயிர். கேம்பில் யாரும் டம்ளரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்காருவதில்லை. நடுவில் விறகு போட எழுந்து போவார்கள், கோழியைத் திருப்பிப் போடுவார்கள். திரும்பி வந்து எடுக்கும்போதும் நன்றாக இருக்கிற பானம்தான் கேம்புக்கு உகந்த பானம். இன்னொரு விதி, ஒரு ராத்திரியில் மூன்று பானத்துக்கு மேல் மதிப்பெண் கிடையாது. அதற்கப்புறம் நாக்கும் தளரும், மனசும் தாராளமாகிவிடும், போடுகிற எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. சாப்பிட உட்கார வேண்டியதுதான்.

நோட்டில் முதலிடம் இன்றுவரை பானக ரம்முக்குத்தான். 60 மில்லி கறுப்பு ரம், 20 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி வெல்லப்பாகு, ஒரு சிட்டிகை உப்பு. ரம், எலுமிச்சை, சர்க்கரை சேர்ந்த டைக்கிரி கியூபாவில் பிறந்தது. இது அதன் தமிழ்நாட்டுப் பங்காளி. நம் ஊர் ரம்மில் பெரும்பாலானவை கரும்பாலைக் கழிவுப்பாகில் காய்ச்சுபவை, வெல்லமும் அதே கரும்பு. இரண்டும் ஒன்றையொன்று உடனே அடையாளம் கண்டுகொள்கின்றன. முதல் மடக்கில் ஏலக்காய், விழுங்கியபின் சுக்கின் காரம். பத்து நிமிஷம் கழித்து ஐஸ் உருகினால் பானகம் போலவே ஆகி, இன்னும் நன்றாக இருக்கிறது. முதல் மதிப்பெண்ணைவிட இரண்டாவது கூடுதலாக வாங்குகிற பானம் எங்கள் நோட்டில் இதுதான். ஓசூர் அக்கா மட்டும் ஒவ்வொரு தடவையும், “தம்பி, சுக்கு இன்னும் பத்தாதுடா, எங்கம்மா பானகத்துல கண்ணுல தண்ணி வரும்” என்பார். சுக்கைக் கூட்டிப் பார்த்தேன். அக்கா எட்டரையிலிருந்து ஒன்பதுக்குப் போனார், கோவைக்காரர் எட்டிலிருந்து ஆறுக்கு இறங்கினார். பழைய அளவே நிலைத்தது.

நன்னாரி ஜின் இரண்டாமிடம். நன்னாரி வேரின் வாசனைக்குக் காரணமான பொருள், வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினின் மிக நெருங்கிய உறவு; அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே, அமைப்பு மட்டும்தான் வேறு. அதனால்தான் நன்னாரி சர்பத்தில் மண்வாசனையோடு ஒரு ஐஸ்கிரீம் சாயலும் வருகிறது. ஜினில் இருப்பது அதற்கு மணம் தரும் ஜூனிப்பர் காயின் பச்சை மரவாசனை. 45 மில்லி ஜின், 20 மில்லி நன்னாரி சிரப், 15 மில்லி எலுமிச்சை, மேலே சோடா. இதற்கு விலை உயர்ந்த ஜின் வேண்டியதில்லை. ஜூனிப்பர் தூக்கலாக இருக்கும் இந்திய ஜின்னே நன்னாரிக்கு எதிரில் நிற்கும். பூ வாசனை மிகுந்த ஜின்கள் நன்னாரியில் மூழ்கிவிடுகின்றன. சிரப் வாங்கும்போது வேரில் காய்ச்சியதா, வெறும் எசென்ஸா என்று பாட்டில் லேபிளைப் படித்து வாங்குங்கள். எசென்ஸ் போட்டது ஐஸில் மருந்து வாசம் அடிக்கும். சோடாவின் பொங்கல் அடங்கியபின் இதன் பாதி அழகும் போய்விடும் என்பதால் இரண்டாவது மதிப்பெண் ஏழு, ஏழரை என்று நின்றுவிடுகிறது. இளவெயில் மாலையில், டென்ட் போட்ட அலுப்போடு குடிக்க இதைவிட்டால் வேறில்லை என்பது என் கட்சி.

நெக்ரோனியைப் பற்றி எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. 1919-இல் ஃபிளாரன்ஸில் பிறந்ததாகச் சொல்லப்படும் பானம். ஜின், கம்பாரி என்ற கசப்பான இத்தாலிய மது, மூலிகை மணம் ஏற்றிய சிவப்பு வெர்மூத் மூன்றும் சம அளவு. குலுக்க வேண்டாம், எலுமிச்சை வேண்டாம். வீட்டிலேயே கலந்து, ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரும் சேர்த்து, பாட்டிலின் கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு ஃப்ரீசரில் வைத்துவிடலாம். கிளம்பும்போது ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடினால், ராத்திரி வரை ஐஸே இல்லாமல் சில்லென்று ஊற்றலாம். வேலை என்ற அளவில் கேம்புக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் கசப்பு! பாகற்காய்க்குத் தட்டை நீட்டுகிறவர்கள் ஒன்பது போடுகிறார்கள், மற்றவர்கள் நாலு. சிட்டிகை உப்பு போட்டால் கசப்பு கொஞ்சம் அடங்கும், அதற்கு ஒரு மதிப்பெண் ஏறியது. மீந்த வெர்மூத்தை அலமாரியில் வைக்காதீர்கள். அது திராட்சை மதுவில் செய்தது, திறந்தபின் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும்.

டிகாக்‌ஷன் காக்டெயில் சாப்பாட்டுக்குப் பின்னால். சிக்கரி கலந்த பில்டர் காபித் தூளில் இறக்கிய முதல் டிகாக்‌ஷன் 30 மில்லி, வோட்கா 45, வெல்லப்பாகு 15. ஐஸோடு குலுக்கி வடித்தால் மேலே விரற்கடை நுரை, பித்தளை டபராவில் ஆற்றிய காபிக்கு வருகிற அதே நுரை. டிகாக்‌ஷனை மட்டும் தோப்பிலேயே இறக்குவேன். முந்தின நாள் இறக்கியதில் வாசனை செத்துவிடுகிறது. மரத்தடியில் பித்தளை பில்டர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லோரும் அதைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நல்ல மதிப்பெண், கூடவே தூக்கமும் கெடும். மறுநாள் குன்று ஏறுகிற திட்டம் இருந்தால் செய்வதில்லை.

கோவைக்காரர் பிடிவாதமாகக் கேட்ட ரச வோட்கா மூன்றரையோடு நோட்டில் கடைசியில் இருக்கிறது. பெருங்காயமும் வோட்காவும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். அதே மிளகு ரசத்தைப் பின்னால் சும்மா சூடாக ஊற்றினோம், டிசம்பர் குளிருக்கு எல்லோரும் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார்கள்.

இரவெல்லாம் நெருப்போரம் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடித்தால் சூடாகிற மாதிரித் தோன்றும். உண்மையில் தோலுக்கடியில் ரத்தக் குழாய் விரிந்து உடம்புச் சூடு வெளியேறுகிறது. ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டாம். பாட்டிலை நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம். வண்டிச் சாவி குடிக்காதவர் பையில். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்பது சட்டம், காலையில் எழுந்தவுடன்கூட அது முழுசாக இறங்கியிருக்கும் என்று நம்ப முடியாது. நாங்கள் இட்லி அவித்துச் சாப்பிட்டு, டென்டைக் காயவைத்து மடித்து, வெயில் ஏறியபிறகுதான் கிளம்புகிறோம். சாவி வைத்திருப்பவருக்கும் அதே பாகு, அதே எலுமிச்சை, ரம்முக்குப் பதில் சோடா. அதற்கும் சீட்டில் மதிப்பெண் உண்டு, ஏழுக்குக் குறைந்ததில்லை.

ஜனவரி பிறந்தால் பெங்களூர் புளூ திராட்சை வரத்து தொடங்கும். சிக்கபள்ளாபுரம், பெங்களூருவின் கிராமப்புறப் பக்கம் விளைகிற, புவிசார் குறியீடு பெற்ற கருநீலத் திராட்சை. தோல் தடிமன், கூடையைத் திறந்தாலே அறை முழுக்க மணக்கும். பத்துப் பழத்தை டம்ளர் அடியில் நசுக்கி, 60 மில்லி விஸ்கி, எலுமிச்சை, பாகு கொஞ்சம் கம்மியாக. விஸ்கிக்குப் பதில் ரம் போடலாம் என்கிறார் அண்ணன். இரண்டையும் ஒரே ராத்திரியில் வைத்துச் சீட்டு எழுதிவிட வேண்டும்.