பண்ணைப் பங்குப் பெட்டி: ஜூன் முதல் அக்டோபர் வரை, மாசசூசெட்ஸ்

ஜூன் 12, வியாழன்

லெட்யூஸ் 2, சிவப்பு முள்ளங்கி ஒரு கட்டு, வெள்ளை டர்னிப் (முள்ளங்கி மாதிரி உருண்டைக் கிழங்கு) ஒரு கட்டு, பாக் சோய் (சீனக் கீரை), ஸ்பினாச் 250 கிராம், கொத்தமல்லி. ஜூன் பெட்டியில் முக்கால்வாசி இலைதான்.

அமெரிக்காவில் இந்தப் பங்கு முறை 1986ல் தொடங்கியது. இதே மாசசூசெட்ஸின் இந்தியன் லைன் பண்ணையும் பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரின் டெம்பிள்-வில்டன் பண்ணையும்தான் முன்னோடிகள். பருவத்துக்கு முன்பே பணம் கட்டுகிறோம், விளைச்சலில் பங்கு வருகிறது. நாம் கேட்டது வராது, வயலில் விளைந்தது வரும். ஆகவே என்ன சமைப்பது என்று முடிவு செய்துவிட்டுப் பெட்டியைத் திறப்பது வீண்வேலை. எது முதலில் கெடும் என்று பார்த்துச் சமைத்தால் போதும்.

வந்தவுடன் முதல் வேலை, கிழங்கிலிருந்து தழையைப் பிரிப்பது. தழை ஒட்டியிருக்கும்வரை கிழங்கின் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு நாளில் முள்ளங்கி வளைத்தால் வளையும், ஒடியாது. பீட்ரூட்டுக்கு மட்டும் 2 செ.மீ. காம்பு விட்டு வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேகும்போது சாயம் முழுதும் தண்ணீரில் இறங்கிவிடும்.

முள்ளங்கித் தழையும் கீரைதான். சொரசொரப்பு வதக்கினால் போய்விடும். மணல்தான் தொல்லை. அகலப் பாத்திரத்தில் நீர் நிரப்பி, தழையை அலசி, இரண்டு நிமிடம் விட்டு, கையால் மேலாக அள்ளி எடுக்க வேண்டும். அப்படியே வடிதட்டில் கவிழ்த்தால் அடியில் தங்கிய மணல் மறுபடி கீரைமேலேயே விழும். மூன்று தண்ணீர் மாற்றிய பிறகு பாத்திரத்தின் அடியை விரலால் தடவிப் பாருங்கள், நெருடினால் இன்னொரு தண்ணீர்.

லெட்யூஸை ஈரம் போக உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றிப் பையில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். ஈரத்தோடு வைத்தால் மூன்றாம் நாளே வழவழத்துவிடும்.

ஜூன் 14, சனி

ஸ்பினாச் மசியல், முள்ளங்கித் தழைக் கூட்டு முடிந்தது. பாக் சோய் திங்கள் வரை நிற்கும். டர்னிப்புக்கு அவசரமே இல்லை, இரண்டு வாரம் கிடக்கும். இளசாக இருப்பதால் தோல் சீவாமல் மோர்க்குழம்பில் போடலாம், ஆறு நிமிடத்தில் வெந்துவிடும்.

ஜூன் 26, வியாழன்

பூண்டுத் தண்டு வந்துவிட்டது. சுருண்ட பச்சை வால், நுனியில் மொட்டு. குளிர்தேசத்துப் பூண்டு ஜூனில் பூந்தண்டு விடும். அதை ஒடித்துவிட்டால்தான் கிழங்கு பருக்கும் என்று பண்ணையில் ஒடித்து அனுப்புகிறார்கள். வருஷத்தில் இரண்டு மூன்று வாரம்தான் கிடைக்கும்.

துவையலுக்கு 150 கிராம் தண்டு, 2 மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, 4 காய்ந்த மிளகாய், நெல்லிக்காயளவு புளி, 2 மேசைக்கரண்டி தேங்காய்த்துருவல். அடிப்பக்கம் நார் விட்டிருக்கும். நகத்தால் கிள்ளிப் பார்த்து, கிள்ள வராத பகுதியையும் மொட்டுக்கு மேலுள்ள மெல்லிய நுனியையும் தள்ளிவிடுங்கள். பருப்பும் மிளகாயும் சிவந்ததும் எடுத்துவிட்டு, அதே நல்லெண்ணெயில் தண்டை நிறம் மங்கும்வரை வதக்க வேண்டும். அரைகுறையாக வதக்கினால் பச்சை நெடி அடித்து நாக்கில் காரும்.

ஒரு எச்சரிக்கை: பூண்டையோ இந்தத் தண்டையோ எண்ணெயில் மூழ்கடித்து அலமாரியில் வைக்கவே கூடாது. காற்றுப் புகாத அந்த எண்ணெய்க்குள் பொட்டுலிசம் கிருமி நஞ்சு உண்டாக்கும். வாடையில் கண்டுபிடிக்க முடியாது. துவையல் பிரிட்ஜில் நாலு நாள், அதற்குமேல் பிரீசர்.

ஜூலை 17, வியாழன்

சுக்கினி (பூசணி இனத்துப் பிஞ்சுக் காய்) 5, நூக்கல் 2, கேல் (முட்டைக்கோஸ் இனக் கீரை), ரெயின்போ சார்ட் (பல நிறத் தண்டுள்ள பீட்ரூட் இனக் கீரை), பீட்ரூட், வெள்ளரி.

சுக்கினியில் 95 சதவீதம் தண்ணீர். சுரைக்காய் மாதிரி தண்ணீர் விட்டு வேகவைத்தால் கூட்டு ரசமாகிவிடும். வெந்த பருப்பில் நேரடியாகப் போட்டு, மூடாமல் ஐந்து நிமிடம், அவ்வளவுதான். உப்பு கடைசியில். முழங்கை நீளத்துக்குப் பருத்ததை நீளவாக்கில் பிளந்து, விதையும் பஞ்சும் வழித்துவிட்டுத் துருவி அடைமாவுக்கு வைத்துக்கொள்ளலாம். 500 கிராம் துருவலுக்கு ஒரு தேக்கரண்டி உப்பு பிசிறி, பத்து நிமிடம் கழித்துப் பிழிந்தால் ஒரு டம்ளர் நீர் இறங்கும். அந்த நீரைக் கொட்டாமல் அதிலேயே பருப்பை அரைத்தால், மாவுக்குத் தனியாக உப்பு தேவைப்படாது.

கேலுக்கு உசிலியை மிஞ்சியது இல்லை. கேலில் நீர் குறைவு, வதங்கினாலும் குழையாது. ஆகவே கொத்தவரங்காய் இடத்தில் அப்படியே உட்காரும். துவரம்பருப்பு அரை கப், கடலைப்பருப்பு கால் கப், மிளகாய் 4. ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, இட்லித்தட்டில் 12 நிமிடம் வேகவைத்து, ஆறிய பிறகு உதிர்க்க வேண்டும். 300 கிராம் கேலின் நடுநரம்பை உருவிவிட்டு, பொடியாக நறுக்கித் தண்ணீர் தெளித்து வதக்கிச் சேர்க்கவும். சார்ட்டில் இதைச் செய்ய வேண்டாம். அது விடும் நீரில் உசிலி களியாகிவிடும், போதாததற்குச் சிவப்புத் தண்டின் சாயம் பருப்பை ரோஸாக்கும். சார்ட்டைப் புளி ஊற்றிக் கடையலாம், தண்டை மட்டும் நாலு நிமிடம் முன்னால் போட்டு.

நூக்கல் நமக்குப் பழகியதுதான். அடிப்பக்கம் தோலைத் தடிமனாகச் சீவுங்கள், நார் அங்கேதான்.

ஆகஸ்ட் 9, சனி

தக்காளி 4 கிலோ. பிரிட்ஜில் வைத்தால் ருசி போய் மாவாகும். காம்புப் பக்கம் கீழாக, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, கீறல் விட்டவற்றை இன்றே எடுத்தாக வேண்டும். வெள்ளரியைப் பக்கத்தில் வைக்காதீர்கள். தக்காளி விடும் எத்திலீன் வாயு, காய்களைப் பழுக்கவைப்பது; அதில் வெள்ளரி மஞ்சளாகிவிடும்.

2 கிலோவில் தொக்கு: நல்லெண்ணெய் 150 மி.லி., புளி 30 கிராம், மிளகாய்த்தூள் 4 மேசைக்கரண்டி, வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி, உப்பு 2 மேசைக்கரண்டி. வாயகன்ற பாத்திரம் அவசியம், குறுகியதில் நீர் வற்ற இரட்டிப்பு நேரமாகும். குழம்பு பாதியாகச் சுண்டும்வரை தூளும் உப்பும் வேண்டாம். முன்னாலேயே போட்டால் தூள் அடிப்பிடித்துக் கறுக்கும், உப்பைக் கடைசியில் ருசி பார்த்துக் கூட்டிக் குறைக்கவும் முடியாது. கரண்டியால் கோடு இழுத்தால் அது மூடாமல் நிற்க வேண்டும், ஓரத்தில் எண்ணெய் கசிய வேண்டும். சதை மிகுந்த பிளம் தக்காளிக்கு முக்கால் மணி, சாறு மிகுந்த நாட்டு ரகங்களுக்கு ஒன்றேகால் மணி. பிரிட்ஜில் மூன்று வாரம்.

மீதி 2 கிலோ கழுவித் துடைத்து முழுசாகவே பிரீசரில். வெளியே எடுத்துக் குழாய் நீரில் காட்டினால் தோல் தானே கழன்றுவிடும்.

ஆகஸ்ட் 10

பீன்ஸ் மிகுதி. கொதிநீரில் 3 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர், துடைத்துத் தட்டில் பரப்பி உறைந்தபின் பைக்கு. கொதிநீர் காட்டாமல் உறையவைத்தால் நொதிகள் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும், சில வாரத்தில் வைக்கோல் வாடை. கேலுக்கு 2 நிமிடம் போதும்.

அக்டோபர் 9, வியாழன்

பட்டர்நட், டெலிகாட்டா (இரண்டும் பரங்கி வகை), உருளை, லீக் (வெங்காய இனத் தண்டு), பச்சைத் தக்காளி ஒரு கிலோ.

பட்டர்நட் நம் பரங்கி வேலையெல்லாம் செய்யும். புளிக்குழம்புக்கு வெல்லத்தை மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள், அதன் இனிப்பே போதும். காம்பு ஒட்டியிருந்தால் குளுமையான, உலர்ந்த இடத்தில் இரண்டு மூன்று மாதம் நிற்கும். காம்பு ஒடிந்தது அந்த வாயிலிருந்தே அழுகும், அதை முதலில் வெட்டுங்கள். டெலிகாட்டாவுக்கு மெல்லிய தோல், அதிக நாள் வைக்க முடியாது.

பச்சைத் தக்காளியில் அடி வெளுத்தவை காகிதத்தில் சுற்றி வைத்தால் இரண்டு வாரத்தில் பழுக்கும். கரும்பச்சையாக இறுகியவை பழுக்காது. அவை நாளைக்குத் துவையலுக்கு.